மெக்காலேயின் அலமாரிக்குச் சாவி இல்லை

பெங்களூர்த் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவுக்கு மெட்ரோ வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமரே வந்து தொடங்கிவைத்தார். ஆர்.வி. ரோட்டில் ஏறினால் 19 கிலோமீட்டரும் சொச்சமும், 16 நிலையங்கள். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் நின்று முதுமை அடைய வேண்டியதில்லை. கடைசி நிலையத்தின் முழுப் பெயர் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா. அதற்கு முந்தையது பயோகான் ஹெப்பகோடி. இன்னும் கொஞ்சம் முன்னால் இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கோணப்பன அக்ரஹாரா. அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொள்வது நம் வழக்கம்தானே? பணம் போட்டவர் அப்பா. ஊர் பிள்ளை. பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

ஆக, இந்த ஊரில் இனி ரயில் ஏறலாம். நாராயணா ஹெல்த் சிட்டியில் இதயத்தைத் திறந்து மூடிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஏதாவதொரு கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பட்டமும் வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டும், ஆலைக்கு இரும்பு வேண்டும். இலக்கியப் பட்டத்துக்கு மட்டும் மூலப்பொருள் எதுவும் தேவைப்படுவதில்லை. இந்தத் தொழிற்பேட்டையிலேயே இவ்வளவு குறைந்த செலவில் உற்பத்தி நடக்கும் ஆலை வேறில்லை.

அந்த ஆலைக்குள் யார் போகிறார்கள் என்று பாருங்கள். ஓசூர் சாலையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து பொம்மசந்திராவில் ஷிப்டு பார்க்கிற குடும்பங்கள் எத்தனையோ. அப்படியொரு வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண் ஆங்கில இலக்கியம் சேர்கிறாள். ‘இங்கிலீஷ் படிச்சா எங்க போனாலும் பொழச்சுக்கலாம்’ என்பது அப்பாவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் கல்லூரி ஃபிளெக்ஸில் அச்சடித்துச் சாலையோரம் கட்டுகிறது. பணம் கட்டிச் சேர்ந்த பிறகு பாடத்திட்டம் கைக்கு வரும். சாஸர் இருக்கிறார், மில்டன் இருக்கிறார், வேர்ட்ஸ்வொர்த், எலியட், அச்செபே. அப்புறம் அமைப்பியல், பெண்ணியம், பின்காலனியம். ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ‘பரிந்துரைக்கப்படும் நூல்கள்’ என்று ஒரு நீண்ட வரிசை. பரிந்துரைத்த பேராசிரியர்கள் அந்த நூல்களைக் கடைசியாக எங்கே பார்த்தார்கள் என்று கேட்கக் கூடாது. போன பாடத்திட்டத்தில் பார்த்தார்கள்.

கல்லூரி நூலகத்துக்குப் போவோம். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை மனம் வருந்தும். மாடிப்படி முடியும் இடத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை. அமைதிக்கு அங்கே எந்த ஆபத்தும் இல்லை. உள்ளே சரஸ்வதி படம், நிறுவனர் படம். நிறுவனர் படம் பெரியது. வங்கித் தேர்வு வழிகாட்டிகள் ஒரு சுவர் முழுக்க. ஒரே கம்பெனி நோட்ஸ் நாற்பது பிரதி, பதிவேட்டில் நாற்பது நூல். எட்டும் உயரத்தில் தன்னம்பிக்கை நூல்கள், எட்டாத உயரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு பீரோ. இலக்கியம் அந்த பீரோவுக்குள் இருக்கிறது.

“சார், வேர்ட்ஸ்வொர்த் பத்தி கிரிட்டிசிசம் ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கும்மா. அது ரெஃபரன்ஸ். வெளிய தரமாட்டோம்.”

“இங்கயே உக்காந்து படிச்சுக்கறேன் சார்.”

“பீரோ பூட்டியிருக்கே.”

“சாவி?”

“பிரின்சிபால் ரூம்ல. அவர் மீட்டிங்ல இருக்காரு. எதுக்கும்மா இதெல்லாம்? சாட்ஜிபிடில போட்டுப் பாரு, பத்து நிமிஷத்துல வந்துரும்.”

வரும். பத்து நிமிடம்கூட ஆகாது. யாரும் எழுதாத புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுக்கும். இல்லாத நூலைப் பட்டியலில் காட்டுவதில் அந்த இயந்திரத்துக்கும் நம் கல்லூரிகளுக்கும்தான் போட்டி. அனுபவத்தில் கல்லூரிகள் மூத்தவை.

அந்த நூலகரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. நூலக அறிவியலில் முதுகலை படித்தவர், ஒப்பந்தச் சம்பளம். அட்மிஷன் நேரத்தில் விண்ணப்பம் விற்கிறார், பரீட்சை நேரத்தில் பெஞ்சுக்கு நம்பர் ஒட்டுகிறார், மற்ற நேரத்தில் பஸ் கட்டணம் வசூலிக்கிறார். புத்தகம் எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை என்பது அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு நிர்வாகம் அவரைப் பிஸியாக வைத்திருக்கிறது.

ஆனாலும் மாணவி கட்டாயமாக நூலகத்துக்கு வந்தே ஆக வேண்டிய ஒரு நாள் உண்டு. ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். ‘நோ டியூ’ படிவத்தில் நூலகர் கையெழுத்துப் போட வேண்டும்: இந்த மாணவி கல்லூரிக்குப் புத்தகம் எதுவும் பாக்கி வைக்கவில்லை என்று. வைக்கவில்லைதான். ஒன்றையும் கையில் கொடுத்ததில்லையே! மூன்று வருடம் லைப்ரரி ஃபீ வாங்கிக்கொண்டு ஒரு புத்தகமும் தராத கல்லூரி, ‘நீ எங்களுக்குப் பாக்கி இல்லை’ என்று சான்றிதழ் தருகிறது. கல்லூரி அவளுக்குப் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட ஒரு படிவம் இந்த நாட்டில் இன்னும் அச்சாகவில்லை.

இங்கே நமக்கு ஆங்கிலக் கல்வியை நம் தலையில் கட்டிய மெக்காலே நினைவுக்கு வர வேண்டும். 1834இல் சென்னையில் இறங்கிய மனிதர், பெங்களூர் வழியாக ஊட்டிக்குப் போனார், நம் ஆட்கள் தோளில் சுமந்த பல்லக்கில். அடுத்த ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி கல்கத்தாவில் உட்கார்ந்து தன் கல்விக் குறிப்பை எழுதினார். நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஓர் அலமாரித் தட்டுக்கு இந்தியாவும் அரேபியாவும் சேர்ந்து எழுதிய இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்பது அதன் சாரம். சமஸ்கிருதமும் அரபியும் தனக்குத் தெரியாது என்பதையும் அதே குறிப்பில் ஒப்புக்கொண்டவர் அவர். அந்தத் திமிருக்காக இரண்டு நூற்றாண்டுகளாக அவரை ஏசிக்கொண்டிருக்கிறோம், ஏச வேண்டியதுதான். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. நம்முடையதைத் தூக்கிப் போடுங்கள், பதிலுக்கு ஓர் அலமாரி தருகிறேன் என்றார். தூக்கிப் போட்டோம். அலமாரி எங்கே?

ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894இல்தான். அதற்கு வெகு முன்பே நம் பையன்கள் ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட நூலில் இந்த வரலாற்றைத்தான் எழுதினார்: ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக வளர்ந்தது ஆட்சி செய்யப்பட்ட இந்தியாவில், ஆளப் பயன்பட்ட கருவியாக. எம்.ஏ. மாணவர்கள் பலருக்கு அது வாசிப்புப் பட்டியலில் இருக்கும் நூல். அதை வாசிக்காமலே அதைப் பற்றிப் பதினைந்து மதிப்பெண் வாங்குவதற்கும் நோட்ஸ் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏடும் இல்லை, சுரைக்காயின் படத்தை ஜெராக்ஸ் போட்டுத் தருகிறார்கள்.

மெக்காலே வேண்டாம், நம்மாள் ஒருவரைப் பேசுவோம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்தார். லண்டனுக்குப் போய்ப் படித்து, திரும்பி வந்து, உலக நூலகர்களுக்கே பாடம் எடுக்கும் நிலைக்கு உயர்ந்தார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர். அவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக ஓட்டினார்கள். மாடு இழுத்த வண்டி வாசகர் வீட்டு வாசலுக்குப் போனது. இப்போது ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில் பொம்மசந்திராவுக்கு வருகிறது, ஒரு பெட்டியில்கூடப் புத்தகம் இல்லாமல்.

ரங்கநாதன் கடைசிக் காலத்தில் வந்து தங்கியது எந்த ஊர் தெரியுமா? பெங்களூர். 1962இல் இங்கேதான் ஆவணமாக்கல் ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972 செப்டம்பரில் இங்கேயே இறந்தார். அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறையில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களுக்கு ஓர் எண் உண்டு. இலக்கியம், ஆங்கிலம், நாடகம், அவர் பிறந்த 1564ஆம் ஆண்டு, எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். ஷேக்ஸ்பியர் எந்தத் தட்டில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு சீர்காழிக்காரர் கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போன நகரத்தில், ஷேக்ஸ்பியர் பீரோவுக்குள் இருக்கிறாரா என்பதே பிரின்சிபாலின் மீட்டிங் முடிந்தால்தான் தெரியும்.

ஐந்து விதிகளும் வீண் போகவில்லை, திருத்தப்பட்டிருக்கின்றன. நூல்கள் ஆய்வுக் குழுவுக்கே. ஒவ்வொரு நூலுக்கும் அதன் பார்கோடு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய வருகைப் பதிவேடு. நிர்வாகத்தின் பணத்தை மிச்சப்படுத்து. நாலோடு நிறுத்திக்கொண்டார்கள், ஐந்தாவதில் ‘வளரும்’ என்று இருக்கிறதாம், அதற்கு நிதி ஒதுக்க வேண்டிவரும்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘நாக்’ அமைப்பின் தலைமையகமும் பெங்களூரில்தான், நாகரபாவியில். 1994இல் தொடங்கியது. அதன் மதிப்பீட்டில் கட்டடத்துக்கும் கற்றல் வளங்களுக்கும் தனி அளவுகோல், அதற்குள் நூலகத்துக்குத் தனித் தலைப்பு. எத்தனை நூல், எத்தனை செலவு, மென்பொருள் உண்டா, நாளொன்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள். எண்ண முடிந்ததெல்லாம் எண்ணப்படும். ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய வாரம் பல கல்லூரிகளில் வாசிப்புப் பண்பாடு திடீரென்று தழைக்கும். பதிவேட்டில் ஒரே கையெழுத்தில் நூறு பேர் வருவார்கள், போவார்கள். 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் போட லஞ்சம் வாங்கியதாகச் சொல்லி நாக் ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. லஞ்சமாகக் கைமாறியதாகச் சொல்லப்பட்டவை ரொக்கம், தங்கம், கைபேசி, மடிக்கணினி. கவனித்தீர்களா? புத்தகம் இல்லை. புத்தகத்துக்கு லஞ்சமாகும் தகுதிகூட இல்லாத நாடு இது.

சரி, தாளை விடுங்கள், இது டிஜிட்டல் யுகம் என்பீர்கள். ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ வந்துவிட்டதே! 2024 நவம்பர் 25ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் உண்டு. 6,300 நிறுவனங்கள், மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களுமாக 1.8 கோடிப் பேர். நல்ல திட்டம், கைதட்டலாம். தட்டுவதற்கு முன்னால் ஒரு வரி பாக்கியிருக்கிறது: அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும்.

உயர்கல்விக்கான அரசின் சொந்தக் கணக்கெடுப்பில், 2021-22இல், இந்தியாவில் கல்லூரிகள் 45,473. உயர்கல்வி படிப்பவர்கள் 4.33 கோடி. கல்லூரிகளில் நான்கில் மூன்றுக்கு மேல் தனியார். கழித்துப் பார்த்தால் இரண்டரைக் கோடிப் பேராவது வெளியே நிற்கிறார்கள். ஒரே நாடு என்றார்கள். இந்த இரண்டரைக் கோடிப் பேர் எந்த நாடு? பொம்மசந்திராவில் தனியார் கல்லூரியில் படிக்கும் பெண்ணின் அப்பா தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறார். அந்த வரியில்தான் எல்சேவியர், வைலி போன்ற பதிப்பகங்களுக்குக் காசோலை போகிறது. மகளுக்கு அவற்றின் இதழில் ஒரு பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கடவுச்சொல் இல்லை. அடுத்தடுத்த கட்டங்களில் தனியாரும் சேரலாம், பொது நூலகங்கள் வழியாக எல்லோருக்கும் திறக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. அவள் பட்டம் மூன்றே வருடம்தான், சார். கட்டங்களுக்காக ரிசல்ட் நிற்காது.

தனியார் கல்லூரி முதலாளிகள் இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, அரசு எங்களை ஒதுக்குகிறது’ என்று கண்ணைக் கசக்கத் தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் ஒரு கதவு திறந்துதான் இருந்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காகவே ‘என்-லிஸ்ட்’ என்ற ஏற்பாட்டை வைத்தது. ஆறாயிரத்துக்கு மேல் ஆய்விதழ்கள், லட்சக்கணக்கில் மின்னூல்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் உள்ள கல்லூரிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பட்டியலில் இல்லாத கல்லூரிக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று கட்டணம் வைத்தார்கள். ஒரு மாணவிக்கு இல்லை, மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்து. ஃப்ரெஷர்ஸ் டேவுக்கு டிஜே கூப்பிடும் செலவில் இது அடங்கும். சந்தா கட்டிய கல்லூரிகளிலும் ஒரு வேடிக்கை உண்டு: கடவுச்சொல் நாக் அறிக்கைக்குள் பத்திரமாக இருக்கும், மாணவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பீரோ சாவியின் டிஜிட்டல் அவதாரம் அது.

‘எல்லாம்தான் நெட்ல ஃப்ரீயா கிடைக்குதே’ என்று சொல்கிறவர்களை ஒரு செமஸ்டர் அந்த நெட்டில் படிக்க விட வேண்டும். கிடைப்பது கிடைக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். குட்டன்பர்க் திட்டம் 1971 முதல் இருக்கிறது. பதிப்புரிமை தீர்ந்த மில்டனும் டிக்கன்ஸும் கேட்காமலே வருவார்கள். ஆய்விதழ்க் களஞ்சியமான ஜேஸ்டோரில் பெயர் பதிந்தால் மாதம் நூறு கட்டுரை வரை திரையில் இலவசமாக வாசிக்கலாம். இந்த ஒரு தகவலை வகுப்பில் சொல்லும் ஆசிரியர் கால் தொட்டுக் கும்பிடத் தக்கவர். ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. முன்னுரைகள் பலவற்றை எங்கோ படித்த மாதிரி இருந்தால் அது உங்கள் நினைவாற்றலின் குற்றமல்ல. தேசிய மின்னூலகத்தை ஐஐடி கரக்பூர் நடத்துகிறது, 2018இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். நல்ல நல்ல தலைப்புகள் தேடலில் வரும், தட்டினால் பல வேளைகளில் இன்னொரு வாசல், அங்கே இன்னொரு காவலாளி.

சிக்கல் எங்கே என்றால், பாடத்திட்டத்தில் பாதி இருபதாம் நூற்றாண்டு. அச்செபே, மோரிசன், சயீத், ஸ்பிவாக், எல்லோருமே பதிப்புரிமைக்குள். இன்டர்நெட் ஆர்கைவில் இரவல் எடுக்கலாம் என்றிருந்தது. பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டு, அஞ்சு லட்சம் நூல்களை இரவல் தட்டிலிருந்து இறக்க வைத்து, 2024 மேல்முறையீட்டிலும் வென்றுவிட்டன. சை-ஹப் என்ற திருட்டு வாசலை 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அடைக்கச் சொல்லிவிட்டது. சட்டப்படி சரி. திருட்டு வாசலை அடைத்த அதே வேகத்தில் நேர் வாசலை யாராவது திறந்திருந்தால் இன்னும் சரி. அப்பா ஷிப்டு முடிந்து வந்த பிறகு கைக்கு வரும் ஒரே கைபேசி, விரிசல் விட்ட ஆறு அங்குலத் திரை, அதில் ‘பாரடைஸ் லாஸ்ட்’ பன்னிரண்டு காண்டம். மில்டனாவது பார்வை போன பிறகுதான் அதைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். இவளுக்குப் பார்வை படிக்கும்போதே போகும்.

நகரத்துக்குப் போனால் நூலகம் உண்டு. கப்பன் பூங்காவில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், 1915இல் எழும்பிய செக்கச்செவேல் கட்டடம், மாநில மத்திய நூலகம் அங்கேதான். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்துக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் மெட்ரோ நிலையமும் உண்டு. பொம்மசந்திராவில் மஞ்சள் பாதையில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாற வேண்டும். 2025 பிப்ரவரி கட்டண உயர்வில் நம்ம மெட்ரோவின் உச்சக் கட்டணம் ஒரு நடைக்கு 90 ரூபாய் ஆனது. கர்நாடகத்துப் பெண்ணாக இருந்தால் சக்தித் திட்டத்தில் அரசு பஸ்ஸில் இலவசம். ஆதாரில் கிருஷ்ணகிரி முகவரி இருந்தால் அதுவும் கிடையாது. இலக்கியத்துக்கு எல்லை இல்லை என்று முதல் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கண்டக்டர் அத்திப்பள்ளியில் திருத்திச் சொல்லிக் கொடுப்பார்.

ஊரிலேயே நல்ல பொது நூலகம் ஏன் இல்லை, காசில்லையா? காசுக்கு ஏற்பாடு செய்து அறுபது வருடம் ஆகிறது. கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965இலேயே வந்தது. சொத்து வரியோடு நூற்றுக்கு 6 ரூபாய் நூலக வரி. தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம், 1948இலேயே நாட்டுக்கு முன்னோடியாகச் சட்டம் போட்டு, ரூபாய்க்கு 10 பைசா வரை வாங்கி, 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடுத்த ஆண்டே குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப் புறப்பட்டவர்கள் நாம். உயர் நீதிமன்றம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பெங்களூர் மாநகராட்சி தன் பங்குக்கு வேறு வழி கண்டுபிடித்தது. நூலகத்தின் பேரில் மக்களிடம் வரியை வாங்கி, நூலகத் துறைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. பாக்கி நூற்றுக்கணக்கான கோடி என்று பத்திரிகைகள் எழுதி எழுதி ஓய்ந்தன. அவர்களிடம் ‘நோ டியூ’ படிவம் கேட்க ஆளில்லை. பிறகு மாநகராட்சியையே 2025இல் ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். இனி பாக்கி கேட்டு யார் வந்தாலும் மற்ற நால்வரையும் கை காட்டலாம்.

கம்பெனிகள்? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதெதற்குச் செலவிடலாம் என்ற ஏழாவது அட்டவணையில் ‘பொது நூலகம் அமைப்பது’ என்று எழுத்துப்பூர்வமாகவே இருக்கிறது. தொழிற்பேட்டைப் பிரமுகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ரயில் நிலையத்தில் போட்ட அளவே பெரிய எழுத்தில் நூலகத்திலும் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு பெயர்கூடப் போடலாம். ‘இந்த வர்ஜீனியா வுல்ஃப், பேரிங் உற்பத்தியாளர் சங்கத்தின் அன்பளிப்பு.’ ‘ஜாய்ஸின் யுலிஸிஸ், வழங்குவது இன்னார் பிளாஸ்டிக்ஸ், புரியாவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல.’ முகம் சுளிக்க மாட்டோம். ஊர்ப் பெயரையே கொடுத்துவிட்டோம், வுல்ஃபையா தர மாட்டோம்?

இத்தனை பெரியவர்களும் கைவிட்ட இடத்தில் இந்த நாட்டு மாணவர்களுக்கு உண்மையில் நூலகமாக நின்றது ஜெராக்ஸ் கடை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி என்று ஒரு சிறிய கடை. பாடத்துக்கான பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று மலைகள் அந்தக் கடைமீது வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் மலைகளை எழுந்து போகச் சொன்னது. பதிப்புரிமை கடவுள் தந்த உரிமை அல்ல, கற்பித்தலுக்கான நகலுக்குச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டு அமர்விலும் அடிப்படை மாறவில்லை. 2017இல் பதிப்பகங்கள் வழக்கை விட்டு விலகின. அறிவு எல்லோருக்கும் என்று மேடைக்கு மேடை பேசும் துணைவேந்தர்களைவிட, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்த அந்தக் கடை இந்திய உயர்கல்விக்குச் செய்தது அதிகம். கௌரவ டாக்டர் பட்டம் யார் யாருக்கோ கொடுக்கிறார்களே, அதில் ஒன்றை அந்த இயந்திரத்தின் தலையில் போர்த்தியிருக்கலாம்.

ஆகவே, பொம்மசந்திராவிலோ வேறெங்குமோ ஆங்கில இலக்கியம் படிக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, உங்கள் கட்டண ரசீதை எடுங்கள். ‘லைப்ரரி’ என்று ஒரு வரி இருக்கும், எதிரே ஒரு தொகை இருக்கும். அதை உங்கள் வகுப்பின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்தத் தொகையையும் என்-லிஸ்ட் கட்டணத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பிரின்சிபாலிடம் கொடுங்கள். ஒருவராகப் போனால் ‘உட்காரும்மா’ என்பார், முப்பது பேராகப் போனால் அவரே எழுந்து நிற்பார். பாடத்திட்டத்தில் போட்ட நூலில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியாவது எங்கே இருக்கிறது என்று எழுத்தில் பதில் கேளுங்கள். ‘ஆவன செய்யப்படும்’ என்பார்கள். அப்படியானால் நாக் குழு எந்தத் தேதியில் வருகிறது என்று விசாரித்து வையுங்கள். அன்று பீரோ திறந்திருக்கும், விளக்கு எரியும், நூலகர் இஸ்திரி போட்ட சட்டையில் நிற்பார், ‘நூல் தாருங்கள்’ என்று யார் கேட்டாலும் குழுவின் முன்னால் மறுக்க முடியாது. ஆளுக்கொரு பை எடுத்துக்கொண்டு போங்கள். கொஞ்சம் பெரிய பையாகவே எடுத்துக்கொண்டு போங்கள்.